தலைமாட்டில் ரிமோட், துபாயில் சுவிட்ச்

உங்கள் வீட்டில் எத்தனை தெர்மோஸ்டாட் இருக்கிறது என்று கேட்டால், "அதெல்லாம் அமெரிக்காவில் சார்" என்பீர்கள். எண்ணிப் பாருங்கள். ஃபிரிஜ்ஜுக்குள் எண் போட்ட குமிழ் இருக்கிறதே, அது ஒன்று. இஸ்திரிப் பெட்டியில் காட்டன், சில்க், நைலான் என்று திருகுகிறோமே, அது இரண்டு. கீஸர் இருந்தால் மூன்று. ரைஸ் குக்கரில் 'டக்'கென்று மேலே எழும்புவது தூரத்துச் சொந்தம்.

சூடு ஓர் அளவைத் தாண்டினால் கரன்ட்டை வெட்ட வேண்டும், குறைந்தால் சேர்க்க வேண்டும். மொத்த வேலையே இவ்வளவுதான். இஸ்திரிப் பெட்டிக்குள் இரண்டு வேறு வேறு உலோகத் தகடுகளை முதுகோடு முதுகாக ஒட்டியிருப்பார்கள். சூட்டில் ஒன்று கூடுதலாக நீளும், மற்றது குறைவாக நீளும். ஒட்டியிருப்பதால் வேறு வழியில்லாமல் வளையும். வளைந்ததும் தொடர்பு விட்டுப் போகும். அதற்கு மூளையும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். காரியாபட்டி, திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கிற கரியில் சூடேறும் பித்தளைப் பெட்டியில் அந்தத் தகடுகூடக் கிடையாது. தேய்க்கிறவர் விரலை நனைத்து இரண்டு சொட்டு தெளிப்பார். 'சொய்ங்' என்கிற சத்தத்தின் நீளத்தை வைத்து, பட்டுச் சேலையை இப்போது தொடலாமா கூடாதா என்று முடிவு செய்வார். அவருடைய காதுதான் தெர்மோஸ்டாட்.

இந்தச் சாமானை இன்டர்நெட்டில் கோத்துவிட்டார்கள். அதன் நல்லது கெட்டதைத்தான் கொஞ்சம் பார்க்கப் போகிறோம்.

இதன் தாய்வீடு குளிர்ப் பிரதேசம். 1883-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாரன் ஜான்சன் என்ற வாத்தியார் மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். பள்ளிக்கூடத்துக்குச் சூடு ஏற்றும் அடுப்பு கீழே நிலவறையில். வாட்ச்மேன் மாதிரி ஒருவர் பாடம் நடக்கும்போது ஒவ்வொரு வகுப்பாக நுழைந்து, குளிராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கீழே இறங்கிப் போய்த் தணலைக் கூட்டிக் குறைப்பார். வாத்தியாருக்குப் பாடம் கெட்டது. அறையில் குளிர் வந்தால் கீழே மணி அடிக்கிற மாதிரி ஒரு கம்பி இழுத்தார். கவனியுங்கள், பிறக்கும்போதே அது தொலைவில் இருக்கிற ஒருவருக்குச் சேதி சொல்லும் கருவியாகத்தான் பிறந்தது. இன்டர்நெட் வந்து புதிதாக எதையும் சேர்த்துவிடவில்லை, கம்பியை நீட்டியதைத் தவிர.

எவ்வளவு நீட்டினார்கள் என்பதுதான் கதை. ஆப்பிளில் ஐபாட் உருவாக்கியவர்களில் ஒருவரான டோனி ஃபாடெல் 2011-ல் 'நெஸ்ட்' என்ற வட்டமான தெர்மோஸ்டாட்டைக் கொண்டு வந்தார். நீங்கள் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எப்போது வெளியே போகிறீர்கள் என்பதை அதுவே கற்றுக்கொண்டு, ஆளில்லாத வீட்டில் சூட்டைக் குறைத்துவிடும். 2014-ல் கூகுள் அந்தக் கம்பெனியை 320 கோடி டாலருக்கு வாங்கியது. சுவரில் மாட்டும் குமிழுக்கா இவ்வளவு காசு என்று அப்போதே கேட்டார்கள். வீட்டில் ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று இருபத்துநாலு மணி நேரமும் தெரிந்து வைத்திருப்பதன் விலை அதில் எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு அது வட்டமாக வரவில்லை. வீடு முழுக்கக் குழாய் போட்டுச் சூடேற்றுகிற அவசியம் நமக்கு இல்லை. சூடு இலவசம். ஆகவே ஏசியின் வயிற்றுக்குள் 'வைஃபை மாடல்' என்ற ஸ்டிக்கரோடு வந்தது. மதுரையிலிருந்து தெற்கே தூத்துக்குடி ரோட்டில் முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது காரியாபட்டி. கரிசல், கருவேலம், கோடையில் கண் கூசும் வெளிச்சம். அங்கேயும் மெத்தை வீடுகளின் சுவரில் வெளி யூனிட் தொங்குகிறது. வீட்டில் ஓர் அறைக்கு மட்டும்தான் ஏசி. அந்த அறையும் பத்துக்குப் பத்து, மிஞ்சினால் பத்துக்குப் பன்னிரண்டு. ரிமோட் தலைமாட்டில் கிடக்கிறது. கையை நீட்டினால் எட்டும். இதற்கு எதற்கு ஒரு ஆப், அது சிங்கப்பூரிலோ மும்பையிலோ இருக்கிற சர்வருக்குப் போய் "ஒரு டிகிரி குறை" என்று கேட்டு, அங்கிருந்து உத்தரவு திரும்பி வந்து, நாலு அடி தள்ளி இருக்கிற மெஷின் 'பீப்' என்பதற்கு?

ஆனால் காரியாபட்டிக்காரர்களுக்குத் தொலைவிலிருந்து இயக்குவது புதுசு என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் இதில் நமக்கு அண்ணன்மார். கிணற்று மோட்டாருக்கு மாட்டுகிற செல்போன் ஸ்டார்ட்டரைப் பார்த்திருக்கிறீர்களா? மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டியோடு இன்னொரு சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு சிம் கார்டு. வீட்டிலிருந்து அந்த நம்பருக்குப் போன் போட்டால், மும்முனை மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். ஒரு பட்டனை அமுக்கினால் மோட்டார் ஓடும், இன்னொன்றை அமுக்கினால் நிற்கும். போர் வற்றித் தண்ணீர் வராவிட்டால் தானே நிறுத்திக்கொள்ளும். மூன்று ஃபேஸில் ஒன்று போனாலும் நிறுத்தும்.

இது ஏன் வந்தது என்று தெரிந்தால்தான் அருமை புரியும். தமிழ்நாட்டில் 1990-லிருந்து எல்லா விவசாயிக்கும் பம்ப்செட் மின்சாரம் இலவசம். ஆனால் மும்முனை மின்சாரம் நாள் முழுக்கக் கிடைத்ததில்லை. முறை வைத்து விட்டார்கள். உங்கள் முறை ராத்திரி ஒரு மணிக்கு என்றால் ராத்திரி ஒரு மணிக்கு டார்ச் லைட்டோடு வரப்பில் நடக்க வேண்டும். கட்டுவிரியன் வரப்பில் படுத்திருக்கும், மோட்டார் ரூமில் மூலையில் சுருண்டிருக்கும். போய்ச் சேர்ந்தால் கரன்ட் வந்திருக்காது. காத்திருந்து போட்டுவிட்டு வந்தால், அரை மணியில் போர் வற்றி, வறட்டு ஓட்டம் ஓடிக் காயில் புகைந்துவிடும். காயில் கட்டுகிற செலவு அந்த வெள்ளாமையின் லாபத்தைக் கொண்டு போய்விடும். இத்தனையையும் ஒரு மிஸ்டு கால் விலைக்குத் தீர்த்தது அந்தப் பெட்டி. வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியமே கொடுத்தது.

அதிலும் குறை இல்லாமல் இல்லை. 'ஆட்டோ'வில் போட்டுவிட்டு மறந்து, கரன்ட் வந்த நேரமெல்லாம் மோட்டார் ஓடி, வாய்க்கால் நிறைந்து பாதையில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கலாம். காசில்லாத கரன்ட், கண்ணில் படாத மோட்டார். நிலத்தடி நீர் யார் வீட்டுச் சொத்து என்ற கேள்வி தனி. இருந்தாலும் நான் மதிக்கிற சாமான் அது. மனுஷனுக்கும் மெஷினுக்கும் நடுவே அங்கே நிஜமாகவே தூரம் இருக்கிறது. டவர் கிடைக்காத நாளில் நடந்து போய் அழுத்துவதற்குப் பச்சை பட்டனும் சிவப்பு பட்டனும் பழையபடி பெட்டியிலேயே இருக்கின்றன. வைஃபை ஏசியை இந்த இரண்டு விஷயத்தில்தான் உரசிப் பார்க்க வேண்டும்.

தூரம் தலைமாட்டு அளவுதான் என்று பார்த்தோம். பட்டன்? குளிர் நாட்டுக்காரர்கள் பட்ட பாடு இருக்கிறது. 2015 டிசம்பரில் நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுகளுக்குப் போன ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்டில் இருந்த பிழை 2016 ஜனவரியில் வெளிப்பட்டது. பேட்டரி காலியாகி, நடுக்குளிர்காலத்தில் பல வீடுகளில் ஹீட்டர் நின்றது. கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் விறைத்துப்போய் எழுந்தார்கள். அதே வருஷம் நவம்பரில் ஃபின்லாந்தில் லப்பென்ராந்தா என்ற ஊரில் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களின் சூடேற்றும் கம்ப்யூட்டரை இணையத் தாக்குதல் முடக்கியது. அது திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தது, வீடு சில்லிட்டது. தாக்கியவர்களுக்கு அந்த வீட்டுக்காரர்கள்மேல் விரோதம் எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. தெருவில் போகிற மாடு முட்டிய மாதிரி.

பிறகு வயசு. 2011, 2012-ல் வந்த முதல் இரண்டு தலைமுறை நெஸ்ட்டுக்கும் 2025 அக்டோபர் 25-ஆம் தேதியோடு கூகுள் ஆதரவை நிறுத்தியது. சுவரில் திருகினால் வேலை செய்யும், போனிலிருந்து கேட்காது. பத்துப் பன்னிரண்டு வருஷம் தாங்கியது பெரிய விஷயம்தான். ஆனால் வட்டக் குமிழ் தெர்மோஸ்டாட்டை 1953-ல் ஹனிவெல் கம்பெனி விற்கத் தொடங்கியது. அதை யாரும் ஆதரிக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் ஏசியின் கம்ப்ரசர் பத்து வருஷம் ஓடும். அந்த ஆப் உங்களுடைய இரண்டாவது செல்போனைத் தாண்டுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சிரிப்பார்.

"கரன்ட் பில் குறையும் சார்" என்பதுதான் அடுத்த வாதம். இதில் கம்பெனி சொல்வதும் வெளியாள் சொல்வதும் ஒத்துப் போகவில்லை. வெப்பத்தில் 10 முதல் 12 சதம், குளிரில் 15 சதம் மிச்சம் என்றது நெஸ்ட். 2022-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஐந்து பேர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கலிஃபோர்னியாவில் சுமார் 1,400 வீடுகள், பதினெட்டு மாதம். ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வைத்த வீட்டுக்கும் வைக்காத வீட்டுக்கும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. காரணம் மெஷின் இல்லை. மெஷின் ஒழுங்காக 26 வைக்கும், மனுஷன் வந்து 22-க்கு இழுத்துவிடுவான். இன்ஜினியர் கணக்கில் இவன் வரமாட்டான், வீட்டில் வந்துவிடுவான்.

நம் வீட்டிலும் அதே கூத்துதான். வெயிலில் வந்தவர் உள்ளே நுழைந்ததும் 18 வைக்கிறார், சீக்கிரம் குளிரும் என்று. பழைய மாடல் ஏசியில் தெர்மோஸ்டாட் என்பது ஆக்ஸிலரேட்டர் இல்லை. 18 வைத்தாலும் 24 வைத்தாலும் அது ஒரே வேகத்தில்தான் ஓடும். 18-ல் நிற்கத் தெரியாமல் ஓடும், அவ்வளவுதான். 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரை பெறும் ரூம் ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் ஆறு சதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. இதற்கு இன்டர்நெட் வேண்டியதில்லை, ரிமோட்டில் மேல்நோக்கிய அம்புக்குறி போதும்.

காரியாபட்டியில் இன்னொரு சிக்கல், அதை எந்த ஆப்பும் சொல்லாது. ஏசியின் வெப்ப உணரி இருப்பது ஏசிக்குள். அது தன்னிடம் வந்து சேரும் காற்றைத்தான் அளக்கிறது, கட்டிலில் கிடக்கிற உங்களை அல்ல. உங்களை வாட்டுவது காற்று மட்டும் இல்லையே. ஐந்து அங்குல கான்கிரீட் கூரை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு அதைக் கீழே படுத்திருப்பவர்மேல் கக்குகிறது. மெத்தையில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள், தெரியும். காற்று 24 ஆகிவிட்டது என்று மெஷின் ஓய்வெடுக்கும், உங்கள் முதுகு மட்டும் காயும். தட்டோடு பதித்து, வருஷம் ஒரு தரம் கோடைக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த வீட்டுக்காரர் இதை அறிந்து வைத்திருந்தார். தெலங்கானா 2023-ல் வெள்ளைக் கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்றானபின் தெர்மோஸ்டாட்டைவிடக் கூரை முக்கியம் என்பது என் கட்சி. வைஃபை மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை வெள்ளைப் பெயின்ட்டில் போடலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறை. சுவிட்ச் யார் கையில் என்பதில்தான் எனக்குப் பெரிய உறுத்தல்.

முதலில் குடும்பம். மகன் துபாயில். அம்மா காரியாபட்டியில். ஏசியை வாங்கி மாட்டியவன் அவன், ஆப்பும் அவன் போனில் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி போன் வருகிறது. "ஏம்மா, இந்த வெக்கையில ஏசியப் போடாமக் கெடக்குற? இங்க ஆஃப்னு காட்டுது." "இப்பத்தாம்ப்பா நிப்பாட்டுனேன், கால் குளிருது." பொய். கரன்ட் பில்லுக்குப் பயம். அவன் அங்கிருந்தே ஆன் செய்துவிடுகிறான். இதைவிடப் பாசம் என்ன வேண்டும்? வயசானவர்கள் ஒண்டியாக இருக்கிற வீட்டில், நடமாட்டம் தெரியாத ராத்திரியில், இந்த வசதிக்கு நான் எதிரி அல்ல. இங்கே நிஜமாகவே தூரம் இருக்கிறது, கடல் கடந்த தூரம். ஆனால் அம்மா எத்தனை மணிக்குத் தூங்கினாள், எந்த அறையில் இருந்தாள் என்பதும் அவனுக்குத் தெரிகிறது. அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. இதே ஆப் மகன் கையில் இல்லாமல், கோபித்துக்கொண்டு போன புருஷன் கையில் இருந்தால்? 2018-ல் நியூயார்க் டைம்ஸ் அப்படிப்பட்ட அமெரிக்கப் பெண்களின் கதைகளை வெளியிட்டது. வெளியே இருந்துகொண்டு வீட்டுச் சூட்டை ஏற்றுகிறான், விளக்கை அணைக்கிறான், கதவுப் பூட்டின் எண்ணை மாற்றுகிறான். பாஸ்வேர்டு போட்டவன்தான் வீட்டுக்காரன். நம் வீடுகளில் பாஸ்வேர்டு யார் போடுகிறார்கள் என்று சொல்ல வேண்டுமா?

அடுத்தது மின்வாரியம். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் 2021 ஜூனில் சில வீடுகளில் மத்தியானத் தூக்கம் வேர்வையில் கலைந்தது. தெர்மோஸ்டாட்டைத் தொலைவிலிருந்து யாரோ ஏற்றியிருந்தார்கள். பரிசுப் போட்டி மாதிரி ஒரு திட்டத்தில் சேரும்போது, மின்தட்டுப்பாடு வந்தால் ஏற்றிக்கொள்ளலாம் என்று அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், படிக்காமல். 2022 ஆகஸ்டில் கொலராடோவில் சுமார் 22,000 வீடுகளில் சில மணி நேரம் வீட்டுக்காரர்களால் தெர்மோஸ்டாட்டைக் குறைக்கவே முடியவில்லை. சேர்ந்ததற்கு 100 டாலரும், வருஷத்துக்கு 25 டாலரும் வாங்கியவர்கள்தான். திருகினால், அவசர நிலை என்று காட்டியது.

கேட்டதும் கோபம் வருகிறது இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. காரியாபட்டிக்குத் தென்கிழக்கே கமுதியில் 2016-லிருந்து 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. கோடைப் பகலில் கொட்டும். மாலை ஆறரைக்கு மேல் பூஜ்யம். ஏசிகளோ ராத்திரி ஒன்பதரைக்குத்தான் ஒன்றுசேர்ந்து விழிக்கின்றன. அந்த நேரத்தில் தட்டுப்பாடு வந்தால் வாரியத்துக்குத் தெரிந்த பழைய வைத்தியம் ஒன்றுதான்: ஏதோ ஒரு ஃபீடரை அரை மணி நேரம் வெட்டுவது. அந்த ஃபீடர் எப்போதும் திருச்சுழிப் பக்கமாகத்தான் இருக்குமே தவிர, போயஸ் கார்டன் பக்கமாக இருக்காது. சென்னையில் லட்சக்கணக்கான ஏசிகளை அரை மணி நேரம் இரண்டு டிகிரி ஏற்றினால், தூங்குகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. இங்கே ஒரு கிராமத்தில் ஃபேன் நிற்காமல் ஓடும். இணையத் தெர்மோஸ்டாட்டுக்கு ஆதரவாக எனக்குத் தெரிந்த ஒரே கனமான வாதம் இதுதான். எந்த விளம்பரத்திலும் இதைக் காணோம், ஏனென்றால் இதில் வாங்குகிறவருக்கு லாபம் இல்லை, வாங்காதவருக்கு லாபம்.

அப்படி ஒரு நாள் நம் ஊரில் வருமானால் மூன்று விஷயம் பொடி எழுத்தில் இல்லாமல் பெரிய எழுத்தில், தமிழில் இருக்க வேண்டும். விருப்பப்பட்டவர் மட்டும் சேரலாம். சேர்ந்தவருக்குக் காசு குறையும். காய்ச்சல்காரரோ பச்சைக் குழந்தையோ இருக்கிற வீட்டில் 'முடியாது' என்று சொல்ல, மெஷினிலேயே ஒரு பட்டன் வேலை செய்யும். கொலராடோக்காரர்களுக்கு மூன்றாவது இல்லாமல் போனது.

மற்றபடி இப்போது வைஃபை ஏசி வாங்கியே ஆகவேண்டும் என்கிறவருக்கு அதில் உருப்படியாக ஒன்று இருக்கிறது. இதுவரை எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று பல ஆப்கள் காட்டும். தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு இதைவிட முக்கியமான எண் வேறில்லை. 2024 ஜூலைக் கட்டணப் பட்டியலின்படி இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரைக்கும் ஒரு கணக்கு, 501 ஆனால் வேறு கணக்கு. அந்த ஒரு யூனிட்டுக்காக பில்லில் இருநூறு ரூபாய்க்கு மேல் ஏறும். பக்கத்தில் வருகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் கடைசி வாரம் ஃபேனோடு சமாளிக்கலாம்.

ஒரே தகராறு, நான் பார்த்த ஆப்களெல்லாம் ஒன்றாம் தேதியிலிருந்து முப்பதாம் தேதி வரை மாதக் கணக்குப் போடுகின்றன. அதுவும் ஏசிக்கு மட்டும். நம் ஊரில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம், அதுவும் ஆள் வருகிற தேதியில். ஆகவே ஆப்பை மூடிவிட்டு மீட்டர் பெட்டி பக்கத்தில் மாட்டியிருக்கிற ஈ.பி. அட்டையை எடுங்கள். கடைசியாக எழுதியிருக்கும் எண்ணை மீட்டரில் ஓடுகிற எண்ணிலிருந்து கழியுங்கள். பேனா பக்கத்துக் கடையில் கிடைக்கும்.